நான் உருக்கிய பனிக்கடல்

அமெரிக்காவில், நம் ஊர்க்காரர்கள் நிறைந்த ஐசலினில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், தட்டில் கேசரியும் வடையும் வந்து சேர்வதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நீங்க எங்க வொர்க் பண்றீங்க?" இன்சூரன்ஸ் கம்பெனி என்றால், காரா, ஹெல்த்தா என்பார்கள். கப்பல் என்றால் கொஞ்சம் மரியாதை வரும். கப்பலில் என்ன என்று மேலும் கேட்டால், வடகோடிக் கடலின் பனியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். "அப்ப ஆபீஸ்ல எல்லாருக்கும் ஐஸ் வைக்கிறதுக்கே சம்பளமா?" என்று அந்த வீட்டு அங்கிள் கேட்பார். சுற்றியிருப்பவர்கள் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்கள். ஏழு வருடமாக இதே ஜோக். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். பிறகு வடை ஆறுவதற்குள் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று தெளிந்துவிட்டேன்.

அந்தக் கடலை நான் பார்த்ததே இல்லை. காலையில் ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி, நியூபோர்ட்டில் இறங்கி, ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடிக்குப் போவேன். அங்கே என் மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் மெயில், இன்னொன்றில் பனி.

வேலை இதுதான். வடக்குக் கடலின் வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தினமும் காலையில் ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் வெறும் தண்ணீர். பத்து என்றால் கட்டம் முழுக்கப் பனி. ஒரு கப்பல் வழக்கமான எல்லையைத் தாண்டி வடக்கே போக வேண்டுமானால், முதலாளி முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் அந்தக் கப்பலின் வழியில் இருக்கும் கட்டங்களையெல்லாம் கூட்டி, சராசரி எடுத்து, வழி எவ்வளவு ஆபத்து என்று ஒரு மார்க் போடும். மார்க் குறைவாக இருந்தால் சுலபமாகப் போகலாம். அதிகமாக இருந்தால் கட்டணத்தைப் பார்த்தே முதலாளி திரும்பிவிடுவார். எண்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது நான்.

சாட்டிலைட்டில் எல்லாம் தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். ஆனால் கோடை தொடங்கும்போது பனியின் மேல்பரப்பு உருகி, உருகிய தண்ணீர் அதன் மேலேயே குளம்போல் நிற்கும். மேலேயிருந்து பார்க்கும் சாட்டிலைட் அதைக் கடல் என்று நினைத்துவிடும். அதனால் கரையோர நிலையங்களில் மனிதர்கள் பார்த்து எழுதுகிற எண்களைத்தான் எங்கள் கம்பெனி பெரிதாக மதித்தது.

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஒரு குறுகிய நீரிணை இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கட்டங்களுக்கு இங்கிருந்து ஃபைல் வரும். அந்தப் பக்கத்துக் கட்டங்களுக்கு அங்கிருந்து வரும். தலைவர்கள் டிவியில் முறைத்துக்கொண்ட நாட்களிலும் அந்த ஃபைல் ஒருநாள்கூடத் தவறியதில்லை. சில நாள் அதன் கடைசி வரியில் அவர்கள் மொழியில் ஒரு குறிப்பு இருக்கும். ஒருமுறை அதை மொழிபெயர்த்துப் பார்த்தேன். "மூடுபனி. கரையிலிருந்து எதுவும் தெரியவில்லை. நேற்றைய எண்ணையே போட்டிருக்கிறேன், நம்ப வேண்டாம்" என்று இருந்தது. யாரோ ஒருவர், என்னைப் போலவே ஒரு மேஜையில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆள்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

பிறகு உக்ரைனில் போர் வந்தது. சில மாதம் கழித்து எங்கள் கம்பெனி வக்கீல்கள், அந்தப் பக்கத்திலிருந்து இனி எதையும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு பல மாடிகள் இறங்கி, கடைசியில் ஒரு டிக்கெட்டாக, அதாவது செய்ய வேண்டிய வேலைக் குறிப்பாக, என்னிடம் வந்தது. இரண்டே வரி. ஃபைலை எடுத்துவிடவும், மற்றதெல்லாம் வழக்கம்போல் ஓட வேண்டும்.

எடுத்துவிட்டேன். மற்றது ஓடவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டங்கள் காலியாக இருந்ததால் சராசரி எடுக்க முடியாமல் மொத்தமும் நின்றுபோனது. மாலை நாலு ஐம்பது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். சாஃப்ட்வேரில் நான் ஒரு வரி எழுதினேன். எண் இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். பக்கத்திலேயே "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பும் எழுதினேன். திரையில் எல்லாம் பச்சை காட்டி ஓடியது.

எந்த வரி எழுதினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. நான் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள் இல்லை. அவர்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியின் ஆள். என் மேனேஜர் டெக்சஸில், காப்பெல்லில் இருக்கிறார். கோயம்புத்தூர்ப் பக்கம். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "பாத்துட்டனுங்மா. ஓகே தானுங்க." ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன். நான் சரியான நேரத்துக்குப் போய் நின்றதைப் பார்த்து டேகேர் டீச்சருக்கே ஆச்சரியம்.

அந்தத் தற்காலிகம் மூன்று வருடம் ஓடியது.

ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், வடக்கே போகிற ஒவ்வொரு கப்பலையும் கடைசியாக ஒரு பெரியவர் பார்த்துத்தான் அனுப்புவார். கம்பெனியில் பல வருடமாக இருந்தவர். கம்ப்யூட்டர் போடும் மார்க்கை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். தானே நாலு இடத்தில் போன் செய்து கேட்டுக்கொள்வார். இந்த வருடம் பிப்ரவரியில் அவருக்கு கேக் வெட்டி வழியனுப்பினார்கள். மார்ச்சில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. மார்க் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் ஆள் பார்க்க வேண்டியதில்லை, சிஸ்டமே ஒப்புதல் கொடுத்துவிடும். அந்த ஏற்பாட்டுக்கான பாதி வேலையை நானேதான் செய்தேன். பழைய பூஜ்யம் என் நினைவுக்கே வரவில்லை. மூன்று வருடத்தில் நான் எழுதிய வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஏப்ரலில் கம்பெனியின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. மேலே இருந்து வந்த ஒருவர் ஒரு ஸ்லைடு காட்டினார். வடக்கே, அந்த நீரிணையை ஒட்டிய கடலில், கோடைப் பனி எதிர்பார்த்ததைவிட வேகமாக மறைகிறதாம். கோடு பல வருடம் மெதுவாக இறங்கி, திடீரென்று படிக்கட்டில் தவறி விழுந்ததுபோல் விழுந்திருந்தது. "இது கவலைக்குரியது, அதே சமயம் நமக்கு ஒரு வாய்ப்பு" என்றார். நாங்கள் கவலைக்கும் வாய்ப்புக்கும் சேர்த்துக் கை தட்டினோம். வெளியே சமோசா வைத்திருந்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சம்பந்தமே இல்லாத ஒரு சில்லறை வேலைக்காகப் பழைய ஒப்புதல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கப்பல். கொரியாவிலிருந்து கிளம்பி, நீரிணையைத் தாண்டி, அலாஸ்காவின் வடமேற்கில் இருக்கும் ஒரு சுரங்கத் துறைமுகத்துக்குப் போகிறது. வருடத்தில் சில மாதங்கள்தான் திறந்திருக்கும் துறைமுகம் அது. இந்தக் கப்பல் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கப் பார்க்கிறது. கிளம்ப இன்னும் நாலு நாள். ஆட்கள் இருபத்தொரு பேர். மார்க் அழகாகக் குறைவு. சிஸ்டம் ஒப்புதல் கொடுத்திருந்தது, மனிதர் யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அந்தத் துறைமுகம் தெரியும். என் தம்பி கப்பலில் செகண்ட் இன்ஜினியர். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அவன். சில வருடம் முன்பு அவன் கப்பல் அங்கே போயிருந்தது. ஜூலையில் போயும், பனி விலகுவதற்காகப் பதினோரு நாள் வெளியே காத்துக் கிடந்தார்கள். அழுக்குப் பிடித்த மேல்மாடிக் கூரை துண்டு துண்டாக மிதப்பதுபோல் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அந்தப் பதினோரு நாளும் அம்மா தினமும் எனக்கு போன் செய்து, தம்பி என்ன சொன்னான் என்று கேட்டதும் நினைவிருக்கிறது. ஜூலையிலேயே அந்தக் கதை என்றால், ஜூன் முதல் பாதியில் இந்தக் கப்பலுக்கு எப்படிக் குறைந்த மார்க்?

கட்டங்களைத் திறந்து பார்த்தேன். நீரிணையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழு, எட்டு, ஒன்பது, எட்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், கடைசிவரை பூஜ்யம். இரண்டு நாடுகளின் எல்லைக்கோடு அது. பனி பாஸ்போர்ட் இல்லாமல் நின்றுவிட்டதுபோல அங்கே வந்து நின்றிருந்தது.

அது யார் கை வேலை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூடப் பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் என்றுதான் எழுதுவார்கள், முட்டை போட மாட்டார்கள். நான் போட்டிருந்தேன். தெரியாது என்பதை இல்லை என்று எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்து ஒன்பதையும் அந்தப் பக்கத்துப் பூஜ்யத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்தக் கப்பலும் ஜம்மென்று போகலாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் தங்கள் தப்பைத் தாங்களே கிளையன்ட்டிடம், என் விஷயத்தில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம், சொல்ல மாட்டார்கள். முதலில் நம் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைத் தப்பு என்று பதிய மாட்டார், "என்ஹான்ஸ்மென்ட்" என்று பதிவார். ஏற்கெனவே நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குகிறோம் என்று அர்த்தம். சாஃப்ட்வேரின் அடுத்த ரிலீஸில் சத்தமில்லாமல் சரியாகிவிடும். கிளையன்ட் நன்றிகூடச் சொல்வார்கள். இந்த வழியில் நானும் பல தப்புகளைக் கழுவியிருக்கிறேன். ஆகவே வழக்கப்படி அண்ணாவைக் கூப்பிட்டேன்.

முழுதும் கேட்டார். குறுக்கே பேசவே இல்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"சரிங்மா. டென்ஷன் ஆகாதீங்க. என்ஹான்ஸ்மென்ட்னு ரெய்ஸ் பண்ணிக்கலாமுங்க. ஜூன் இருவது ரிலீஸ்ல போயிருமுங்க."

"அண்ணா, கப்பல் சனிக்கிழமை கெளம்புது."

"கப்பல்ல கேப்டன் இருக்காருங்மா. அவரு கண்ணுல பாத்துத்தான ஓட்டுவாரு? நம்ம மார்க்கப் பாத்தா ஓட்டுறாரு?"

நான் காலண்டரில் சனிக்கிழமையைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் தப்பாச் சொல்லலீங்க. ஜூன் கடைசில உங்க கான்ட்ராக்ட் ரினீவலு. இப்பப் போயி நாமளே மூணு வருசம் தப்பா ஓடுச்சுன்னு சொன்னா என்ன ஆகுமுன்னு நெனச்சுப் பாருங்க. உங்க கிரீன் கார்டு ஃபைல் நம்ம கம்பெனிலதானுங்க இருக்குது."

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். வேலை போனால் அறுபது நாளில் இன்னொரு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். கணவரின் விசா என் விசாவில் தொங்குகிறது. மகள் கிண்டர்கார்டன் முடிக்கப் போகிறாள். கிரீன் கார்டுக்காக ஒன்பது வருடமாக வரிசையில் நிற்கிறோம். இதையெல்லாம் எனக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. தினமும் பல் தேய்க்கும்போதே நினைவு வருகிற விஷயங்கள்.

லஞ்சுக்கு வெளியே போய் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். டப்பாவில் எலுமிச்சை சாதம், திறக்கவில்லை. தம்பியின் கப்பல் அப்போது பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தது, அதனால் போன் எடுத்தான். யார் கப்பல், எந்தக் கம்பெனி என்று எதுவும் சொல்லாமல், இந்த நேரத்தில் அங்கே ஒரு கப்பல் போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"ஜூன் மொதப் பாதிலயா? எவன் போகச் சொன்னான்? நாங்க ஜூலைலயே பதினோரு நாளு வெளிய கெடந்தோம்லா! முன்னெல்லாம் இதவிட மோசமா இருக்கும், இப்ப ரொம்பக் கொறஞ்சிட்டுன்னு எங்க கேப்டன் சொன்னாரு. கொறஞ்சதே அவ்வளவு கெடந்துச்சுக்கா."

"கேப்டன் பாத்து நிப்பாருல்லா?"

"நிப்பாரு. கண்ண மூடிக்கிட்டு உள்ள விடமாட்டாரு. ஆனா ஓனர் ஆபீஸ்ல இருந்து, இன்சூரன்ஸ்காரனே பயமில்லங்கான், நீங்க எதுக்கு நிக்கீய, போங்கன்னு தெனமும் போன் வந்தா, அந்தாளும் எத்தன நாளு நிப்பாரு? சாதாரணக் கப்பலு. பக்கவாட்டுல பனி வந்து இடிச்சா இன்ஜின் ரூம்ல இருக்கவனுக்கு மொதல்ல கேக்கும். சரி, நீ எதுக்கு இதெல்லாம் கேக்க?"

"சும்மாதான்" என்றேன்.

"சும்மா கேக்குற குரலா இது?" என்றான். தம்பிகளுக்கு எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் காது நன்றாகக் கேட்கும்.

கணவருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "நீ முடிவு பண்ணிட்ட. அப்புறம் என்கிட்ட எதுக்கு கேக்குற?" என்றார். கோபமா, சம்மதமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. ஆனால் இந்தப் பயம் எனக்கு ஒரு மேஜையில் வந்திருக்கிறது. அந்த இருபத்தொரு பேருக்கு எங்கே வரும் என்று யோசித்தேன். அதில் ஒருவனுடைய அக்கா எங்கோ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மேலே போய் கிளையன்ட் மேனேஜருக்கு மெயில் எழுதினேன். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் நான் எழுதிய மிகச் சின்ன மெயில் அதுதான். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய ஒரு வரி தவறு. நீரிணைக்கு மேற்கே பனி இல்லை என்று நம் சிஸ்டம் சொல்வது உண்மையில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்த ஒப்புதலை இன்றே நிறுத்தி, ஒரு மனிதரைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒளித்துச் செய்தால் அவருக்கு இன்னும் கேவலம்.

பத்து நிமிடத்தில் கிளையன்ட் மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். உயரமான அமெரிக்கப் பெண்மணி; அந்த மாடியில் அவர் யார் மேஜைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. கட்டங்களைக் காட்டினேன். அந்த நேர்க்கோட்டை விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி ஒப்புதல் வாங்கிய கப்பல் வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். மார்ச்சுக்குப் பிறகு இது ஒன்றுதான் என்றேன். "நன்றி" என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வேகமாக நடந்தார். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

மாலைக்குள் ஒப்புதல் நின்றது. கப்பல்காரர்கள் குதித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வேறொரு அலுவலகத்திலிருந்து ஒருவரை உட்காரவைத்து, பழைய பெரியவர் செய்ததுபோல் நாலு இடத்தில் போன் செய்து கேட்டு, புதிதாக ஒரு நிபந்தனை எழுதினார்கள். கப்பல் கிளம்பலாம், ஆனால் நீரிணைக்குத் தெற்கே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், வழி தெளிந்துவிட்டது என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்கிறவரை உள்ளே போகக் கூடாது.

மறுநாள் மீட்டிங். காலிக் கட்டத்தில் இனி என்ன போடுவது என்பது கேள்வி. இளைஞர் ஒருவர், போன வருடம் இதே நாளில் இருந்த எண்ணைப் போடலாமே என்றார்.

"அதுவும் என் பூஜ்யம்தான்" என்றேன். "அதற்கு முந்தின வருடமும்."

அப்போதுதான் எனக்கே, எங்கள் எண்களை வைத்து ஏப்ரலில் காட்டிய அந்த ஸ்லைடு நினைவு வந்தது. கோடு தடாலென்று விழுந்த இடம், வக்கீல்கள் ஃபைலை நிறுத்திய வருடம். பனியை விழவைத்தது சூடு இல்லை, நான். வடகோடிப் பனி உருகுவது உண்மை. இந்தப் பக்கத்துக் கட்டங்களில் அது மெதுவாக, வருடா வருடம், ஏமாற்றாமல் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் போதாதென்று நான் வேறு ஒரு மாலைப் பொழுதில் பாதி நீரிணையை உருக்கிவிட்டு டேகேருக்கு ஓடியிருக்கிறேன். அந்த ஸ்லைடைத் திரும்பப் பெறுவதாக அடுத்த வாரம் ஒரு மெயில் வந்தது. காரணம் எதுவும் போடவில்லை. சமோசாவும் வைக்கவில்லை.

கடைசியில், காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுவது என்று முடிவானது. வரைபடத்தில் அது சாம்பல் நிறத்தில் தெரியும். ஒரு வழியில் ஒரு சாம்பல் கட்டம் இருந்தாலும் சிஸ்டம் ஒப்புதல் தராது. ஆள் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் அண்ணா கூப்பிடவில்லை. என் மெசேஜுக்கும் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை அந்தத் தப்புக்கான டிக்கெட்டைத் திறந்தேன். அவர்தான் போட்டிருந்தார். வகை என்ற இடத்தில், நான் அவரை அறிந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "தவறு" என்று இருந்தது. எழுதியவர், என் பெயர். படித்து ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தை யாரும் நிரப்புவதில்லை. அதில் தன் பெயரை எழுதியிருந்தார்.

போன் செய்தேன்.

"அன்னைக்கு நானும் படிக்காமத்தானுங் ஓகே போட்டேன்" என்றார். "சின்னவள ஸ்விம்மிங் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகோணும். கார்ல உக்காந்துதான் ஓகே குடுத்தேன். நீங்க ஒருத்தரே ஏனுங்க சொமக்கோணும்?"

"தேங்க்ஸ்ண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவரும் அதற்குமேல் எதுவும் பேசாமல் வானிலை விசாரித்தார். டெக்சஸில் நூறு டிகிரியாம்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் ரினீவல் வந்தது. எப்போதும் ஒரு வருடம் தருவார்கள். இந்தத் தடவை மூன்று மாதம். அது தண்டனையா, கருணையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. செப்டம்பர் கடைசிவரை இருக்கிறது. கிரீன் கார்டு வரிசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணவர் சத்தமில்லாமல் வாடகை அக்ரிமென்ட்டை எடுத்து, முன்கூட்டிக் காலி செய்தால் என்ன விதி என்று படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் போய்விட்டேன்.

ஜூன் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கிளையன்ட் மேனேஜர் தனக்கு வந்த ஒரு மெயிலை எனக்கு ஃபார்வர்ட் செய்திருந்தார். மேலே அவர் தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கப்பல்காரர்களின் தரகர் எழுதியது அது. கப்பல் நிபந்தனைப்படி நீரிணைக்குத் தெற்கே காத்து நிற்கிறது. பத்து நாளுக்கு முன் வழி தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தது. உள்ளே போகலாமா என்று கேட்கத் தயாராக இருந்தார்கள். அதற்குள் வடமேற்கிலிருந்து காற்று திரும்பியது. இரண்டு நாளில், போக இருந்த வழி முழுவதையும் போன கோடையிலும் உருகாத கனமான பழம்பனி வந்து அடைத்துவிட்டது. கப்பலுக்கும் ஆட்களுக்கும் எந்தச் சேதமும் இல்லை. பனி வந்த திசை நீரிணையின் மேற்குப் பக்கம், எல்லைக்கு அப்பால்.

மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து பாத்ரூமுக்குப் போய் அழுதேன். சந்தோஷமா, தாமதமாக வந்த பயமா என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, கப்பல் பெயரையும் கம்பெனி பெயரையும் விட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். பூஜ்யம் போட்டதையும் சொன்னேன். அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. மறுநாள் காலை, மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"அக்கா, நீ மூணு வருசமா போட்ட பூஜ்யமெல்லாம் சேந்து மெதந்து வந்துருக்கு பாத்தியா. நல்லவேளை, அந்தப் பயலுவ வெளியில நின்னானுவ."

நான் சிரித்த சிரிப்பில் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "வாட் ஹேப்பண்ட், அம்மா?"

"ஒரு கப்பல் நிக்குதும்மா. அதான்."

"இஸ் இட் ஸ்டக்?"

"இல்ல. வெயிட் பண்ணுது."

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதலில் பனியைத்தான் திறந்தேன். கோடு அதே இடத்தில் இருந்தது. இந்தப் பக்கம் எண்கள், அந்தப் பக்கம் சாம்பல். அங்கே எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் இன்றைக்கும் கரையைப் பார்த்து எண் எழுதிக்கொண்டிருப்பார். அது இனி எனக்கு வராது. எத்தனை கட்டங்கள் தெரியாது என்று, கப்பல்களைப் பார்த்து ஒப்புதல் தரும் ஆட்களுக்குத் தினமும் காலையில் ஒரு மெயில் போக வேண்டும். அதை அனுப்புவது செப்டம்பர் வரை என் வேலை. எண்ணிப் பார்த்து, அந்தக் கரையில் எழுதுகிறவரைப் போலவே கடைசி வரியில் "நம்ப வேண்டாம்" என்று நானே கையால் சேர்த்து எழுதி, அனுப்பினேன்.